பழைய கோடு (புரோகிராம்), புது ஆள்: மாற்றி எழுதுவதா, படிப்பதா?

கேள்வி: 2025 மார்ச் 3, மாலை 6.12

மூன்று வருட அனுபவம். புது டீமில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. நான்கு லட்சம் வரி ஜாவா, பாதிக்கு டெஸ்ட் கிடையாது, எழுதியவர்களில் ஒருவர்கூட இப்போது இல்லை. ஒரே ஒரு ஃபைல் மட்டும் 6000 வரி. அதில் யாரும் கை வைப்பதில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று டீமில் சொல்ல நினைக்கிறேன். சரியா? இந்தக் குப்பையைக் கிளறும் நேரத்தில் ஒரு புது ஃபிரேம்வொர்க் படித்தால் அடுத்த வேலைக்காவது உதவுமே?

மார்ச் 3, இரவு 9.40

சொல்லாதீர்கள். ஆறு மாதத்துக்காவது அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

ஒரு வாரத்தில் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவதில் பாதி, யாருக்கோ வந்த பிரச்சினைக்குப் போட்ட திருத்தம். ஒரு வாடிக்கையாளர் மட்டும் அனுப்பும் கோணலான ஃபைல், இரண்டு முறை வந்து விழும் ஒரு மெசேஜ், பூச்சியத்தால் வகுக்கும் ஒரே ஒரு மாதக் கணக்கு, இப்படி. அந்த ‘இஃப்’ ஏன் இருக்கிறது என்று எங்கும் எழுதியிருக்காது. எடுத்தால் எங்கே உடையும் என்பதும் எடுத்த பிறகுதான் தெரியும். புதிதாக எழுதும்போது முதலில் தொலைவது இந்தத் திருத்தங்கள்தான்.

நெட்ஸ்கேப் கதை தெரிந்திருக்கும். 4ஆம் பதிப்பு வந்தது 1997. பிறகு இருந்ததை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதப் போனார்கள். 5ஆம் பதிப்பு வரவே இல்லை. 6 வந்தது 2000 நவம்பரில். அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையை வாரிக்கொண்டு போயிருந்தது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இரண்டே. முதலில், உங்கள் மெஷினில் அதை ஓட வையுங்கள். ஓட வைக்க என்னென்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள்: எந்த ஜேடிகே (ஜாவா கருவித்தொகுப்பு) பதிப்பு, எந்த என்விரான்மென்ட் வேரியபிள், யாரிடம் கேட்டு வாங்கிய பாஸ்வேர்டு. ரீட்மீயில் (புராஜெக்ட்டின் அறிமுகக் குறிப்பில்) இல்லாதவை எல்லாம் சேர்ந்தால் உங்கள் முதல் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி டீமுக்கு அனுப்புவது) தயார். யாரும் எதிர்க்க மாட்டார்கள், எதுவும் உடையாது, அடுத்து வருகிறவருக்கு இரண்டு நாள் மிச்சம்.

அடுத்து, ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஆர்டர் பதிவாவது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் கன்ட்ரோலரில் ஆரம்பித்துக் கீழே இறங்குவார்கள்; பாதி வழியில் ஏதாவது ஒரு இன்டர்ஃபேஸுக்குள் தொலைந்து போவார்கள், ஏனென்றால் அதற்கு ஏழு இம்ப்ளிமென்டேஷன் இருக்கும். தலைகீழாகச் செய்யுங்கள். டேட்டாபேஸில் எழுதும் கடைசி வரியில் பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்தும் புள்ளி) வைத்து, திரையில் பட்டனை அழுத்துங்கள். நின்றதும் ஸ்டாக் டிரேஸ் (எது எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற பட்டியல்) முழுப் பாதையையும் காட்டிவிடும். நூறு வரி இருக்கும், முக்கால்வாசி ஃபிரேம்வொர்க்குடையது. உங்கள் பேக்கேஜ் பெயரில் வடிகட்டினால் பத்துப் பதினைந்து வரி மிஞ்சும். அதுதான் வரைபடம். காகிதத்தில் எழுதி வையுங்கள். இன்னும் இரண்டு வேலைகளுக்கு இதையே செய்தால், மூன்றிலும் வருகிற கிளாஸ்கள் எவை என்று தெரிந்துவிடும். அவற்றை மட்டும் முழுதாகப் படித்தால் போதும்.

மார்ச் 3, இரவு 10.05

அந்த 6000 வரி ஃபைல் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. அது அசிங்கமாக இருக்கிறது என்பது விஷயமில்லை, அடிக்கடி மாறுகிறதா என்பதுதான் விஷயம். கிட் (கோடில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) லாகை ஃபைல் பெயர்கள் மட்டும் வருகிற மாதிரி ஒரு வருடத்துக்கு ஓட்டி, சார்ட், யூனிக் கவுன்ட், மறுபடி எண்ணின் இறங்குவரிசையில் சார்ட். மேலே வரும் இருபது ஃபைல்கள்தான் அந்தப் புராஜெக்ட்டின் உயிர்நாடி. 6000 வரியார் அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் அவரை நிம்மதியாக இருக்க விடுங்கள்.

மார்ச் 4, காலை 7.30

‘கிட் பிளேம் போட்டால் எல்லா வரியும் ஒரே ஆள் பெயரில் வருகிறது’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிளேம் என்பது ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டுவது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த ஆள் ஒருநாள் மொத்த ரெப்போவையும் (கோடு முழுவதும் இருக்கும் இடம்) ஃபார்மேட்டரில் போட்டு எடுத்திருப்பார், அவ்வளவுதான்.

பிளேமில் மைனஸ் சின்ன டபிள்யூ சேர்த்தால் வெறும் இடைவெளி மாற்றங்களைத் தாண்டிப் பார்க்கும். மைனஸ் பெரிய சி சேர்த்தால் வேறு ஃபைலிலிருந்து நகர்த்திய வரிகளின் பிறப்பிடம் வரும். அதே சி-யை இரண்டு மூன்று முறை கொடுத்தால் இன்னும் ஆழமாகத் தேடும், நேரமும் அதிகம் பிடிக்கும். ஃபார்மேட்டர் கமிட்டின் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்) ஹாஷை, அதாவது அடையாள எண்ணை, ஒரு ஃபைலில் எழுதி, அதை பிளேம் இக்னோர் ரெவ்ஸ் ஃபைலாக ஒவ்வொருவரும் தங்கள் கான்ஃபிகில் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் அந்தத் தொல்லை போய்விடும். 2019இல் வந்த கிட் 2.23 முதல் இது உண்டு.

பிளேமைவிட அதிகம் பயன்படுவது கிட் லாகில் மைனஸ் பெரிய எஸ். ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல்லின் எண்ணிக்கை கூடிய அல்லது குறைந்த கமிட்களை மட்டும் காட்டும். ஒரு மாறிலி எப்போது நுழைந்தது, எப்போது ஓரிடத்தில் காணாமல் போனது, இரண்டுமே வரும். நீக்கப்பட்ட கோடைத் தேட பிளேம் உதவாது. அது இப்போது இருக்கிற வரிகளைப் பற்றி மட்டுமே பேசும். ஒரு மெத்தடின் முழு வரலாறு வேண்டுமென்றால் மைனஸ் பெரிய எல்.

கமிட் மெசேஜில் டிக்கெட் எண் இருந்தால் யோகம். ‘ஃபிக்ஸ்’ என்று மட்டும் இருந்தால், அதே ஆளின் அதே நாள் கமிட்களைப் பாருங்கள். முன்னும் பின்னும் எதைத் தொட்டார் என்பதிலிருந்து பெரும்பாலும் காரணம் பிடிபடும்.

மார்ச் 4, இரவு 11.15

‘டெஸ்டைப் படித்தால் சிஸ்டம் புரியுமே?’

நல்ல டெஸ்ட் இருந்தால் புரியும். பழைய ரெப்போக்களில் பாதி டெஸ்ட், மாக் (நிஜத்துக்குப் பதில் வைக்கும் போலி) வைத்து மாக்கையே சோதிப்பவை. ஒரு சோதனை: மெயின் கோடில் ஒரு ‘பெரிது’ குறியை ‘சிறிது’ ஆக்கிவிட்டு டெஸ்டை ஓட்டுங்கள். பச்சையாகவே, அதாவது தேறியதாகவே வந்தால் அந்த டெஸ்டை நம்பி எதையும் தொடாதீர்கள்.

டெஸ்ட் இல்லாத இடத்தில் கை வைக்கும் முன், இப்போது என்ன செய்கிறதோ அதை அப்படியே பிடித்து வைக்க வேண்டும். சரியா தவறா என்ற கேள்வியே வேண்டாம். இருநூறு உண்மையான இன்புட் எடுத்து, பெயர், கணக்கு எண் எல்லாம் மறைத்துவிட்டு, ஓட்டி, அவுட்புட்டை ஃபைலாகச் சேமியுங்கள். மாற்றிய பிறகு மறுபடி ஓட்டி டிஃப். வித்தியாசம் வந்தால் அது நீங்கள் விரும்பிய வித்தியாசமா என்று மட்டும் பாருங்கள்.

இது முதல் நாளே சொதப்பும். காரணங்கள் தெரிந்தவைதான். கோடு உள்ளுக்குள்ளேயே ‘இப்போது மணி என்ன’ என்று கேட்கும். அதற்கு ஜாவாவின் கிளாக் ஆப்ஜெக்ட்டை வெளியிலிருந்து கொடுக்கிற மாதிரி மாற்றுங்கள், இது ஒன்றுதான் முன்கூட்டியே செய்யலாம் என்று நான் ஒத்துக்கொள்ளும் ரீஃபாக்டரிங் (நடத்தை மாறாமல் கோடை ஒழுங்குபடுத்துவது). ஹேஷ்மேப்பைச் சுற்றி வருகிற வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. அவுட்புட்டை வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள். பில்டு மெஷினின் டைம்சோன் வேறாக இருக்கும். லோக்கேல் (மொழி, நாட்டு அமைப்பு) வேறாக இருக்கும்: துருக்கி லோக்கேலில் சின்ன ஐ-யைப் பெரிதாக்கினால் மேலே புள்ளி வைத்த ஐ வரும், அத்தோடு ஸ்ட்ரிங் ஒப்பீடு காலி. கேரக்டர் செட்டும் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) அப்படியே. ஜாவா 18க்கு முன்னால் அதன் இயல்பு மதிப்பு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பொறுத்தது; 18 முதல்தான் எங்கும் யூடிஎஃப்-8.

மார்ச் 5, மதியம் 1.20

நெட்ஸ்கேப் பற்றி எழுதியதற்கு, ‘அந்தக் கோடிலிருந்துதானே ஃபயர்ஃபாக்ஸ் வந்தது’ என்று ஒருவர். உண்மை. ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது 2004 நவம்பர். நெட்ஸ்கேப் டீம் கலைக்கப்பட்டது 2003. புதிதாக எழுதிய கோடு பிழைத்தது, எழுதியவர்களின் வேலை பிழைக்கவில்லை. உங்கள் மேனேஜர் இரண்டாவதைத்தான் கேட்பார்.

மார்ச் 6, இரவு 9.55

‘படித்துக் கண்டுபிடிக்க அப்படி என்ன இருக்கிறது’ என்று கேட்டவருக்கு ஒரு வரி தருகிறேன். பழைய ஜாவாவில் தேடிப் பாருங்கள், அடிக்கடி சிக்கும். தேதி ஃபார்மேட் கொடுக்கும் இடத்தில் வருடத்துக்கு நான்கு சின்ன ஒய் போட வேண்டும். யாரோ நான்கு பெரிய ஒய் போட்டிருப்பார். பெரிய ஒய் என்பது வாரக் கணக்கில் வருகிற வருடம். ஜனவரி முதல் வாரத்துக்குள் விழும் டிசம்பர் நாட்கள் அடுத்த வருடத்தோடு போய்விடும். 2024 டிசம்பர் 30ஐ அந்த ஃபார்மேட்டில் அச்சிட்டால் 2025 டிசம்பர் 30 என்று வரும். வருடத்தில் மிச்ச நாளெல்லாம் சரியாகவே வேலை செய்யும். டெஸ்டில் 2020 ஜூன் 15 மாதிரி நடுவருடத் தேதி போட்டிருப்பார்கள். அது என்றைக்கும் பச்சை. பிரச்சினை வெளியே வருவது ஆபீஸில் பாதிப் பேர் லீவில் இருக்கும் வாரத்தில்.

இதே இனத்தில் இன்னொன்று: பிக்டெசிமலில் (ஜாவாவின் துல்லியமான தசம எண் வகை) 2.0, 2.00 இரண்டையும் ஈக்குவல்ஸ் போட்டுப் பார்த்தால் சமமில்லை என்று வரும், ஏனென்றால் அது தசம இடங்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறது. கம்பேர்டூ போட்டால் சமம். பணக் கணக்கில் ஈக்குவல்ஸ் கண்ணில் பட்டால் அங்கேயே நின்று படியுங்கள்.

கேள்வி கேட்டவர் கவனிக்க: பெரிய ஒய்யைக் கண்டவுடன் சின்ன ஒய் ஆக்கிவிடக் கூடாது. பக்கத்தில் வார எண் அச்சிடுகிறார்களா என்று பாருங்கள். வார அறிக்கை என்றால் பெரிய ஒய்தான் சரி. கை வைக்கும் முன் காரணத்தைத் தேடு என்று நான் இவ்வளவு வளர்த்துவது இதற்காகத்தான்.

மார்ச் 6, இரவு 10.02

இல்லை, அந்தப் பெரிய ஒய் எல்லா ரெப்போவிலும் இருக்காது. தேடி, கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியவருக்கு வாழ்த்துகள்.

மார்ச் 9, காலை 8.10

‘இது எப்போது உடைந்தது என்றே தெரியவில்லை, போன ரிலீஸில் நன்றாக இருந்தது.’

கிட் பைசெக்ட், உடைத்த கமிட்டைத் தேடித் தரும். நடுவில் ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து முறை சோதித்தால் போதும், ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைகிறது. கையால் செய்யாமல் பைசெக்ட் ரன்னுக்கு ஒரு ஸ்கிரிப்ட் கொடுங்கள். ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் நல்ல கமிட், 1 முதல் 127 வரை எதுவானாலும் கெட்ட கமிட், 125 மட்டும் விலக்கு: ‘இதைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ’. பலரும் சறுக்குவது இந்த 125இல். நடுவில் ஒரு கமிட் கம்பைல் ஆகாமல் இருக்கும், பில்டு 1 என்று திருப்பும், பைசெக்ட் அதைக் கெட்டது என்று எடுத்துக்கொண்டு சம்பந்தமே இல்லாத ஒருவரைக் காட்டிக் கொடுக்கும். எனவே பில்டு தோற்றால் 125, டெஸ்ட் தோற்றால் 1 என்று ஸ்கிரிப்டில் தனித்தனியாக எழுதுங்கள்.

மார்ச் 10, இரவு 9.30

முதல் உண்மையான புல் ரிக்வெஸ்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

300 வரிக்குள் நிறுத்துங்கள். 30 வரிக்கு ஏழு கமென்ட் வரும், 1500 வரிக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வரி வரும். பின்னது பாராட்டு இல்லை, படிக்கவில்லை என்று அர்த்தம்.

பெயர் மாற்றுவது, ஃபைல் நகர்த்துவது, ஃபார்மேட் செய்வது ஒரு கமிட். நடத்தையை மாற்றுவது தனிக் கமிட், முடிந்தால் தனிப் புல் ரிக்வெஸ்ட். இரண்டையும் கலந்தால் நானூறு வரி இடமாற்றத்துக்குள் உண்மையான இரண்டு வரி மாற்றம் ஒளிந்துகொள்ளும். பின்னால் ரிவர்ட் செய்யவும் முடியாது. பெயர் மாற்றமும் சேர்ந்து திரும்பிவிடும்.

விளக்கத்தில் என்ன மாற்றினேன் என்பதைவிட, ஏன், எப்படிச் சோதித்தேன், தவறாகப் போனால் எப்படித் திருப்புவது, இந்த மூன்றும் வேண்டும். மூன்றாவதை எழுத முடியவில்லை என்றால் அந்த மாற்றம் இன்னும் தயாராகவில்லை.

மெர்ஜ் கமிட்டை (ஒரு பிராஞ்சை இன்னொன்றில் சேர்த்த கமிட்) ரிவர்ட் செய்ய மைனஸ் எம் 1 கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். தெரியாமல் போவது அதற்குப் பிறகு வருவது: அதே பிராஞ்சைச் சரிசெய்து மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய கமிட்கள் வராது. அவை ஏற்கெனவே வந்துவிட்டன என்பது கிட்டின் கணக்கு. ரிவர்ட் கமிட்டையே முதலில் ரிவர்ட் செய்துவிட்டு, பிறகு புதுத் திருத்தங்களைச் சேர்க்க வேண்டும்.

மார்ச் 12, இரவு 11.50

பகல் முழுக்க ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து: ‘புரொடக்ஷனில் ஆப் தொங்குகிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. என்ன செய்ய?’

ரீஸ்டார்ட் செய்யும் முன் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் இப்போது எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். ஜேடிகேயோடு வரும் ஜேஸ்டாக் போதும். ஒன்று எடுத்தால் பயனில்லை, பத்து விநாடி இடைவெளியில் மூன்று. ஒரே த்ரெட் மூன்றிலும் ஒரே வரியில் நின்றால் அங்கேதான் சிக்கல். ரீஸ்டார்ட் செய்துவிட்டால் சாட்சி அழிந்துவிடும், அடுத்த தடவை தொங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பெரும்பாலும் பார்ப்பது இது: எல்லா த்ரெட்டும் டேட்டாபேஸ் கனெக்ஷனுக்காகக் காத்திருக்கும். ஹிக்காரி பூல் (கனெக்ஷன்களைச் சேர்த்து வைத்துக் கேட்பவர்களுக்குக் கொடுக்கும் லைப்ரரி) என்றால் இயல்பாகப் பத்து கனெக்ஷன், காத்திருக்கும் நேரம் 30 விநாடி. ஆகவே லாகில் எர்ரர் வருவதே அரை நிமிடம் கழித்துத்தான். உடனே எல்லோரும் பூலை நூறு ஆக்குவார்கள். வேண்டாம். அந்தப் பத்துக் கனெக்ஷனையும் பிடித்து வைத்திருப்பது யார் என்று அதே டம்பில் பாருங்கள். டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாக முடியும் அல்லது ஒன்றாகத் திரும்பும் டேட்டாபேஸ் வேலைகள்) இருந்தபடியே வெளி சர்வீஸ் ஒன்றைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த சர்வீஸ் மெதுவானால் கனெக்ஷன் கையில் இருந்தபடி த்ரெட் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு நேரம்? டைம்அவுட் வைக்கவில்லை என்றால் முடிவே இல்லை. ஹெச்டிடிபி யூஆர்எல் கனெக்ஷனில் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பு கிடையாது. ஜாவா 11இல் வந்த புது ஹெச்டிடிபி கிளையன்டிலும் நீங்களாக வைத்தால்தான் உண்டு.

திருத்தம்: வெளிக் கூப்பாட்டை டிரான்சாக்ஷனுக்கு வெளியே எடுப்பது, கனெக்ட் டைம்அவுட், ரீட் டைம்அவுட் இரண்டையும் வைப்பது. ரீட்ரை சேர்த்தால் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், அதில் கொஞ்சம் சீரற்ற நேரமும் கலக்க வேண்டும். இல்லையென்றால் விழுந்து எழுகிற சர்வீஸை எல்லா சர்வரும் ஒரே விநாடியில் தட்டி மறுபடி விழ வைக்கும். பணம் எடுப்பது மாதிரியான கூப்பாட்டில், இரண்டாவது முறை வந்தால் அடையாளம் கண்டுகொள்ள ஒரு கீ அனுப்பாமல் ரீட்ரை சேர்க்கவே கூடாது.

மார்ச் 13, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு விலக்கு. சில சமயம் பூல் உண்மையிலேயே சிறிசாகத்தான் இருக்கும். டம்பில் எல்லா கனெக்ஷனும் குறுகிய க்வெரிகளில் சுறுசுறுப்பாக மாறிக்கொண்டே இருந்தால், டேட்டாபேஸ் சிபியுவும் சும்மா இருந்தால், கூட்டலாம். பத்தைப் பதினைந்து ஆக்கிப் பாருங்கள், நூறு அல்ல. ஆறு சர்வர் இருந்தால் ஆறால் பெருக்கி டேட்டாபேஸின் உச்ச வரம்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 15, மாலை 5.45

டேட்டாபேஸ் டேபிளில் ஒரு காலத்தின் (column, நெடுவரிசை) பெயரை மாற்ற வேண்டும், ஒரு வரி ஆல்டர் போதாதா?

போதாது. டிப்ளாய் (புதுக் கோடை சர்வர்களில் ஏற்றுவது) நடக்கும் சில நிமிடங்கள் பழைய கோடும் புதுக் கோடும் ஒன்றாக ஓடும். பெயர் மாறிய நொடியிலேயே பழைய கோடு விழும். புது காலம் சேர்ப்பது முதல் டிப்ளாய். இரண்டிலும் எழுதுவது அடுத்தது. பழைய வரிகளை ஆயிரம் இரண்டாயிரமாக நிரப்புவது, பிறகு புதியதிலிருந்து படிப்பது, பிறகு பழையதில் எழுதுவதை நிறுத்துவது, கடைசியில் நீக்குவது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நீக்கும்வரை எந்தப் படியிலிருந்தும் பின்வாங்கலாம்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இன்னொரு கண்ணி. ஆல்டர் டேபிள் ஒரு நொடி வேலைதான், ஆனால் அதற்கு டேபிளின் முழு லாக் (பூட்டு) வேண்டும். முன்னால் யாரோ ஓட்டும் பத்து நிமிட ரிப்போர்ட் முடியும்வரை அது காத்திருக்கும். அதற்குப் பின்னால் வருகிற சாதாரண செலக்ட்கூட அதன் பின்னால் வரிசையில் நிற்கும். பார்க்கிறவருக்கு டேபிளே செத்த மாதிரி தெரியும். லாக் டைம்அவுட்டை இரண்டு மூன்று விநாடி என்று வைத்துவிட்டு ஆல்டர் போடுங்கள், கிடைக்காவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. இன்டெக்ஸ் உருவாக்கும்போது, டேபிளில் எழுதுவதைத் தடுக்காமலிருக்க கன்கரன்ட்லி போடுங்கள். அது டிரான்சாக்ஷனுக்குள் ஓடாது, நடுவில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்றை விட்டுப்போகும், அதை நீங்களே நீக்க வேண்டும்.

க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ், அந்த க்வெரியை நிஜமாகவே ஓட்டும். டெலீட்டின் முன்னால் அதைப் போட்டால் டெலீட் ஆகிவிடும். பிகின், ரோல்பேக் நடுவில் வையுங்கள்.

மார்ச் 15, மாலை 6.20

பழைய ஃபிளாக் (ஒரு வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) ஒன்று சும்மா கிடக்கிறது, அதையே புது வசதிக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டவர் நைட் கேபிட்டல் பற்றிப் படிக்கவும். 2012 ஆகஸ்ட் 1. பங்கு வர்த்தக நிறுவனம். பழைய ஃபிளாக்கைப் புது வேலைக்கு எடுத்தார்கள். எட்டு சர்வரில் ஒன்றில் புதுக் கோடு போய்ச் சேரவில்லை. அங்கே அந்த ஃபிளாக் வருடக்கணக்காகச் செத்துக் கிடந்த கோடை எழுப்பிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம். செத்த கோடை நீக்குவது அழகுக்காக அல்ல. எட்டாவது சர்வரில் என்ன ஓடுகிறது என்று பார்க்க ஒரு பதிப்பு எண் காட்டும் முகவரி ஒன்றும் வேண்டும்.

மார்ச் 18, இரவு 10.30

‘எத்தனை நாள் ஆகும் என்று கேட்கிறார்கள், கோடே புரியவில்லை, என்ன சொல்ல?’

ஒரே எண் சொல்லாதீர்கள். ‘அரை நாள் பார்த்துவிட்டு நாளை மதியம் சொல்கிறேன்’ என்பது முறையான பதில். அந்த அரை நாளில் வேலையை ஒரு நாளுக்குள் முடியும் துண்டுகளாக உடைத்துப் பாருங்கள். உடையாத துண்டு எதுவோ அதுதான் உங்களுக்குத் தெரியாத இடம். ‘எல்லாம் நினைத்தபடி இருந்தால் மூன்று நாள், அந்த இடம் சிக்கலானால் எட்டு நாள், எது என்று புதன்கிழமை தெரிந்துவிடும்’ என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. கோடு எழுதும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு, ரிவியூவுக்குக் காத்திருப்பது, டெஸ்ட் டேட்டா வாங்குவது, டிப்ளாய் இவற்றை விட்டுவிடுவதுதான் பொதுவாக நடக்கிற கோளாறு.

சீனியரிடம் கேட்கத் தயங்குகிறவர்களுக்கு: அரை மணி நேரம் தனியாக மல்லுக்கட்டுங்கள், பிறகு கேளுங்கள். ‘ஃப்ரீயா?’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். என்ன செய்ய முயன்றீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது (ஸ்கிரீன்ஷாட் அல்ல, எர்ரரை எழுத்தாகவே ஒட்டுங்கள், அப்போதுதான் தேட முடியும்), எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள். இதை எழுதி முடிப்பதற்குள் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

மார்ச் 19, மதியம் 2.15

‘பெயர் காலத்தின் நீளம் 20 போதும்தானே?’

எந்த இருபது? ‘முருகன்’ கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடு: ம, உகரம், ர, உகரம், க, ன, புள்ளி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. ஆரக்கிள் டேட்டாபேஸின் வார்கேர்2 (எழுத்துக்களுக்கான காலம் வகை) இயல்பாகப் பைட்டில் எண்ணும். நீளம் 20 என்றால் முருகனுக்கு இடமில்லை, ஓஆர்ஏ-12899 எர்ரர் வரும். போஸ்ட்கிரெஸ் குறியீடுகளை எண்ணும், அங்கே முருகன் தாராளமாக நுழைவார். ஆனால் திரைக்காக ஆறு குறியீட்டோடு வெட்டினால் புள்ளி போய் ‘முருகன’ ஆகிவிடுவார்.

மார்ச் 22, இரவு 9.15

ஃபிரேம்வொர்க் கேள்விக்கு இப்போதாவது வருகிறேன்.

படியுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் மேலே உள்ளவற்றில் ஃபிரேம்வொர்க் மாறினால் செல்லாமல் போவது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். த்ரெட் டம்ப், லாக், டைம்அவுட், டிரான்சாக்ஷன், எழுத்துக் குறியீடு, தேதி எல்லாம் உங்களோடு வரும்.

ரெசுமேயில் ‘பழைய கோடைப் பராமரித்தேன்’ என்று எழுதினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே அளந்து வையுங்கள்: பில்டு எத்தனை நிமிடம், ரிலீஸுக்கு எத்தனை மணி, ஒரு க்வெரி எத்தனை விநாடி, மாதம் எத்தனை அலாரம். முடித்த பிறகு மறுபடி அளங்கள். ‘பில்டு 40 நிமிடத்திலிருந்து 9 ஆனது, செய்தது இது’ என்பது ஒரு வரி. முன்னால் அளக்காமல் விட்டால் பின்னால் எந்த எண்ணும் கிடைக்காது. நிறுவனத்தின் ரகசிய எண்களை எழுதாதீர்கள், விகிதம் போதும்.

இன்டர்வியூவில் நீங்கள் கேட்க வேண்டியவை: மெர்ஜ் ஆன கோடு புரொடக்ஷனுக்குப் போக எவ்வளவு நேரம்? கடைசியாக ரோல்பேக் செய்தது எப்படி? ராத்திரி அலாரம் அடித்தால் எழுவது யார், மறுநாள் அவருக்கு ஓய்வு உண்டா? கிடைக்கும் நேரம் (சர்வீஸ் விழாமல் ஓடும் நேரம்) 99.9 சதவீதம் என்று சொன்னால் முப்பது நாளுக்கு 43 நிமிடம்தான் விழலாம். அதைக் காப்பாற்ற எத்தனை பேர் முறை மாற்றிக்கொள்கிறார்கள்? இரண்டு பேர் என்றால் ஆளுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அது வாழ்க்கை இல்லை.

மார்ச் 23, காலை 10.00

கண், மணிக்கட்டு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் இருக்கிற எதையாவது இருபது விநாடி பாருங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், முழங்கை செங்கோணத்தில். லேப்டாப்பில் இரண்டும் ஒன்றாக அமையாது, தனிக் கீபோர்டு வேண்டும். விரல் மரத்துப்போனால் ஃபோரத்தில் கேட்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

மார்ச் 26, இரவு 11.05

ஏஐ உதவியோடு பழைய கோடைப் படிக்கலாமா? படிக்கலாம். ‘இந்த மெத்தட் என்ன செய்கிறது’ என்பதற்குப் பெரும்பாலும் நல்ல பதில் வரும். ‘ஏன் இருக்கிறது’ என்பதற்கு வரும் பதிலை நம்பாதீர்கள். காரணம் கோடில் இல்லை, பழைய டிக்கெட்டில் இருக்கிறது, அதை அது பார்த்ததில்லை. பார்க்கக் கொடுத்தால் வேறு விஷயம். அது சொல்லும் லைப்ரரி உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதே பெயரில் வேறு யாரோ வைத்த பொறியாகவும் இருக்கலாம். ரிவியூவில் ‘இந்த வரி எதற்கு’ என்று கேட்டால் வாயால் சொல்ல முடியாத வரியை அனுப்பாதீர்கள். கம்பெனிக் கோடை வெளியே ஒட்ட அனுமதி இருக்கிறதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 28, இரவு 9.20

கேள்வி கேட்டவர் தகவல் போட்டிருக்கிறார்: 6000 வரி ஃபைல் பட்டியலில் இரண்டாம் இடத்தில் வந்ததாம். சரி, அப்படியானால் அவரை விட்டுவைக்க முடியாது.

ஆனாலும் மொத்தமாக வேண்டாம். கடந்த ஒரு வருடத்தில் அந்த ஃபைலுக்குள் எந்த மெத்தட்கள் மாறின என்று பாருங்கள், பத்துக்குள்தான் இருக்கும். அதில் வெளியே எதையும் எழுதாத, கணக்கு மட்டும் போடுகிற ஒன்றை எடுங்கள். இருநூறு இன்புட் வைத்து அவுட்புட்டைப் பிடியுங்கள். தனிக் கிளாஸாக நகர்த்துங்கள், பழைய மெத்தட் புதியதைக் கூப்பிடட்டும், கூப்பிடுகிறவர்கள் யாரையும் இப்போது தொடாதீர்கள். அது ஒரு புல் ரிக்வெஸ்ட். புரொடக்ஷனில் இரண்டு வாரம் ஓடட்டும். மாதக் கடைசிக் கணக்கு ஓடுகிற ஃபைல் என்றால் அது ஒருமுறை தாண்டும்வரை அடுத்த மெத்தடைத் தொடாதீர்கள்.